கணக்கு முடிக்கும் நாணயம்

வியாபாரம் என்பது கொடுக்கல் வாங்கல். அதில் நாணயம் வேண்டும் என்பதை நம் வர்த்தகப் பெருமக்களுக்கு யாரும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தராசை நேராகப் பிடிக்க வேண்டும், சரக்கில் கலப்படம் கூடாது, சொன்ன விலைக்கே தர வேண்டும் என்பனவெல்லாம் கடையில் கால் வைத்த முதல் நாளே நாம் கற்றுக்கொண்ட பாடங்கள். ஆனால், கூர்ந்து பார்த்தால், இந்தப் பாடங்கள் யாவும் கடைக்குள் வருகிற வாடிக்கைக்காரரைப் பற்றியவை. கடையை விட்டுப் போகிற வாடிக்கைக்காரரைப் பற்றி, "இனி எனக்கு உங்களிடம் கொள்முதல் இல்லை, கணக்கை முடித்துக் கொடுங்கள்" என்று வந்து நிற்பவரைப் பற்றி, நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. அவருக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? பட்டிருந்தால், அந்தக் கடன் யாது? இதுவே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி.

இந்தக் கேள்வியைப் பெரிய நூல்களில் தேடிப் போக வேண்டியதில்லை. இன்று நம் வீடுகளில் நடக்கும் ஒரு சிறு தொல்லையே இதை எழுப்புகிறது. வீட்டுக்கு வரும் இணையக் கம்பியையும் தொலைக்காட்சிச் சேவையையும் ஒரு கம்பெனியிடமிருந்து மற்றொரு கம்பெனிக்கு மாற்றுவதுதான் அந்தத் தொல்லை.

வீட்டில் நடப்பது

குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அடியில் உள்ள தாமான்களில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இணையம் இன்று அலங்காரப் பொருள் அன்று. பிள்ளைகளின் பாடம் அதில் இருக்கிறது. ஊரில் உள்ள தாயாரின் முகம் அதில் தெரிகிறது. கடையில் வாடிக்கைக்காரர் காசு செலுத்தும் கட்டம் போட்ட அட்டை அதை நம்பி நிற்கிறது. 2024 ஆகஸ்டு முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின் விலைப்பட்டியலும் அதன் வழியாகவே வருமான வரி வாரியத்துக்குச் செல்கிறது. ஆகவே கம்பி ஒரு வாரம் அறுந்தால் வீடும் கடையும் ஒரு வாரம் நொண்டும்.

மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை நம்மில் பலர் அறிவோம். பேரங்காடி வாசலில் குடை விரித்து மேசை போட்டிருக்கும் புதுக் கம்பெனியின் இளைஞர், "ஒரே வாரம், ஐயா, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். கையெழுத்து ஐந்து நிமிடத்தில் முடிகிறது. பிறகு பழைய கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். தொலைபேசியை எடுத்தால் ஓர் இயந்திரக் குரல் எண்களை அழுத்தச் சொல்கிறது. புதிதாகச் சேர விரும்புகிறவருக்கு முதல் எண். விலக விரும்புகிறவருக்கு எந்த எண்ணும் சொல்லப்படுவதில்லை. ஒருவழியாக ஒரு மனிதக் குரல் கிடைத்தால் அது முதலில் காரணம் கேட்கிறது. அடுத்து, மாதக் கட்டணத்தில் இத்தனை வெள்ளி குறைத்துத் தருகிறோம், போகாதீர்கள் என்கிறது. வேண்டாம் என்றால் நேரில் வரச் சொல்கிறது. அங்கே அடையாள அட்டை நகல், பாரம், மோடத்தைத் திருப்பிக் கொடுத்த ரசீது, முன்கூட்டி முறித்ததற்கான தொகை, இவை யாவும் முடிந்த பின்னும் அடுத்த மாதம் ஒரு பில் வந்து சேர்கிறது.

இதற்கிடையில் புதுக் கம்பெனியின் ஒப்பந்தக்காரர் ஏணியோடு வருகிறார். கம்பத்துப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இடம் இல்லை" என்று சொல்லிப் போய்விடுகிறார். இது ஏன் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் கண்ணாடி இழை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக வருவதில்லை. ஓர் இழையின் ஒளியைப் பிரித்து 32 வீடுகள் வரை பகிர்வது சாதாரண வழக்கம். பிரித்த முனைகள் தெருப் பெட்டியில் வந்து முடிகின்றன. பெட்டியில் முனைகள் எண்ணிக்கைப்படியே உண்டு. பல இடங்களில் ஒரு கம்பெனி போட்ட இழையையே மற்றக் கம்பெனிகள் வாடகைக்கு எடுத்து விற்கின்றன. எனவே பழைய கம்பெனி முனையை விடுவிக்கும் வரை, அல்லது விடுவித்ததாகப் பதிவேட்டில் எழுதும் வரை, புதியவர் வந்து செய்வதற்கு ஒன்றுமில்லை. அவர் இவரைக் கை காட்டுகிறார். இவர் அவரைக் கை காட்டுகிறார். வீட்டுக்காரர் இரண்டு கம்பெனிக்கும் வாடிக்கைக்காரராகி, இரண்டிலும் சேவை இல்லாதவராக நடுவில் நிற்கிறார்.

கம்பெனியாரின் நியாயம்

ஒரு பக்கத்து வழக்கை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுதல் முறையன்று. கம்பெனியார் பக்கத்திலும் நியாயம் உண்டு. வீட்டுக்குக் கம்பி இழுக்கவும் மோடம் கொடுக்கவும் ஆள் அனுப்பவும் அவர்கள் முதல் போடுகிறார்கள். அந்த முதல் மாதக் கட்டணத்தில் மெல்ல மெல்லத்தான் திரும்பி வருகிறது. 24 மாத ஒப்பந்தம் என்று வைப்பதன் பொருள் அதுவே. மூன்றாம் மாதத்தில் ஒருவர் விலகினால் போட்ட முதல் நட்டம். அந்த நட்டத்தில் நியாயமான பங்கை அவர் கொடுத்துப் போவதே தர்மம். கையெழுத்திட்ட ஷரத்தை, "நான் படித்துப் பார்க்கவில்லை" என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர் வியாபாரி என்னும் பெயருக்குத் தகுந்தவர் அல்லர்.

இன்னொன்றையும் நன்றியோடு நினைக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் தொலைபேசி அரசாங்க இலாகாவாகவே இருந்தது. மாறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1996-இல் ஆஸ்ட்ரோ விண்கோள் வழித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 2010-இல் யூனிஃபை என்ற பெயரில் கண்ணாடி இழைச் சேவை வீடுகளுக்கு வரத் தொடங்கியது. ஒருவர் இழையை மற்றவர் வாடகைக்கு எடுக்கும் கட்டணத்தை 2018-இல் தொடர்பு பல்லூடக ஆணையம் வரையறுத்த பிறகு இணையக் கட்டணமும் இறங்கியது. தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்குக் கிடைத்தது போட்டியினால்தான். கம்பெனிகளே கூடாது என்பது நம் வாதமன்று.

ஆனால் இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விலகுவதற்கு ஒரு விலை வைப்பது ஒன்று. விலகும் வழியில் முள் போடுவது மற்றொன்று. விலை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது, இரு தரப்பும் ஏற்றது, கணக்கில் வருவது. முள் எங்கும் எழுதப்படாதது. தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருக்கச் செய்வதும், நேரில் வா என்று அலைக்கழிப்பதும், முடித்த கணக்குக்குப் பில் அனுப்புவதும் எந்த ஷரத்திலும் இல்லை. வாடிக்கைக்காரர் சம்மதித்தது சேவைக்கும் அதன் விலைக்கும். அலைச்சலுக்கு அவர் சம்மதிக்கவில்லை. சம்மதம் இல்லாமல் ஒருவரிடமிருந்து பணத்தை எடுத்தால் அதற்கு நாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். சம்மதம் இல்லாமல் அவருடைய நேரத்தை எடுத்தால் மட்டும் அதை நிர்வாக முறை என்கிறோம். நாள் கூலிக்குப் போகிறவர் அரை நாள் விடுப்பெடுத்து அந்த வாசலில் நின்றால், அவர் இழந்தது நேரம் மட்டுமா? அரை நாள் கூலியும் அல்லவா?

நாணயத்தின் சோதனை

ஜெர்மனி தேசத்துத் தத்துவ ஞானி இம்மானுவேல் காண்ட், 1785-இல் வெளியிட்ட அறநெறி நூல் ஒன்றில் ஒரு கடைக்காரரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். அந்தக் கடைக்காரர் விவரமறியாதவரிடம் அதிக விலை சொல்வதில்லை. சிறு குழந்தை வந்தாலும் அதே விலை. நல்லவர் என்று உலகம் சொல்கிறது. ஆனால் காண்ட் கேட்கும் கேள்வி வேறு. அவர் அப்படி நடப்பது நேர்மையைக் கடமையாகக் கருதியா, அல்லது நல்ல பெயர் எடுத்தால் வியாபாரம் பெருகும் என்றா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். லாபமும் நேர்மையும் ஒரே திசையில் நடக்கும்போது எது எதை இழுத்துப் போகிறது என்று தெரியாது.

தெரிய வேண்டுமானால் இரண்டும் பிரிகிற இடம் வேண்டும். அந்த இடம் எது? வாடிக்கைக்காரர் விலகும் இடமே அது. வருகிறவரிடம் இன்முகம் காட்டுவதற்கு லாபம் கூலி கொடுக்கிறது. போகிறவரிடம் இன்முகம் காட்டுவதற்குக் கூலி கொடுப்பார் இல்லை. அவரிடமிருந்து இனி ஒரு காசு வரப்போவதில்லை. அங்கேயும் ஒருவர் கணக்கை நேராக முடித்து, மீதியை எண்ணிக் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவாரானால், அவருடைய நாணயம் லாபத்தின் நிழலன்று, தன் காலில் நிற்பது என்று அறியலாம்.

நம் மார்க்கத்தின் கொடுக்கல் வாங்கல் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பெயர் உண்டு. அதை இகாலா என்பர். விற்பனை முடிந்து பொருளும் பணமும் கைமாறிய பின் ஒருவர் மனம் வருந்தி, ரத்துச் செய்து தாருங்கள் என்று கேட்டால், மற்றவர் இசைந்து விடுவிப்பது இகாலா. விடுவித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விடுவிப்பது மிகவும் மெச்சத்தக்கது என்று வைத்திருக்கிறார்கள். இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நம்மில் ஷாபிஈ மத்ஹபினரும் உண்டு, ஹனபி மத்ஹபினரும் உண்டு. ஷாபிஈ இமாம்கள் இதை ஒப்பந்த ரத்து என்றே கொள்கிறார்கள். இமாம் அபூ ஹனீபா அவர்கள், இரு தரப்பாருக்கிடையே ரத்து என்றும் மூன்றாமவரைப் பொறுத்த மட்டில் புது விற்பனை என்றும் கொள்கிறார்கள். ஆயினும் ரத்து முதல் விலைக்கே நடக்க வேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள். வருந்தி வந்தவரின் வருத்தத்தை ஒரு புதிய லாபமாக்கிக்கொள்ளக் கூடாது என்பதே இதன் கருத்து. மாதா மாதம் நடக்கும் சேவைக்கு இந்தச் சட்டம் அப்படியே பொருந்தாது என்பது மெய்தான். ஆனால், விலகி நிற்பவரின் இக்கட்டான நிலை விலை பேசுவதற்குரிய சரக்கன்று என்ற எண்ணம் எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்.

தங்கியவருக்கு என்ன நடக்கிறது?

"தத்துவம் இருக்கட்டும், போகிறவரைத் தடுத்தால்தானே தொழில் நிலைக்கும்" என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கணக்கும் சரியா என்று பார்ப்போம்.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூல் ஒன்றுக்கு நைஜீரியாவின் ரயில்வே வித்திட்டது. அந்நாட்டின் வடக்கிலிருந்து துறைமுகத்துக்கு நிலக்கடலை ஏற்றிச் செல்வதில் ரயில் சீர்கெட்டிருந்தது. பக்கத்தில் லாரிகள் போட்டிக்கு வந்தன. போட்டி வந்தால் ரயில் திருந்த வேண்டுமே, ஏன் திருந்தவில்லை என்று அவர் யோசித்தார். அதட்டிக் கேட்கக்கூடிய பெரிய வாடிக்கைக்காரர்கள் முதலில் லாரிக்குப் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் குரல் இல்லாதவர்கள். நட்டத்தை அரசாங்கக் கஜானா தாங்கிக்கொண்டது. ஆகவே ரயிலுக்கு வலியும் தெரியவில்லை, வசையும் கேட்கவில்லை. சீர்கெட்ட தொழிலுக்கு வாடிக்கைக்காரர் தரும் மருந்து இரண்டு: ஒன்று விலகுவது, மற்றொன்று குறை சொல்வது. இரண்டும் சேரும்போதுதான் நோய் தீரும் என்பது அவர் கண்ட முடிவின் சாரம்.

இதை நம் கம்பிக் கதையோடு பொருத்திப் பாருங்கள். போகிறேன் என்று மிரட்டியவுடன் கட்டணம் குறைகிறது. பத்து ஆண்டாக ஒரு மாதம் தவறாமல் கட்டியவருக்கு அந்தக் குறைப்பு இல்லை. அவர் கேட்கவும் இல்லை, அவருக்குச் சொல்லவும் இல்லை. அப்படியானால் அவர் இத்தனை காலமும் கொடுத்த அதிகப் பணம் எதற்கு? அவருடைய விசுவாசத்துக்குப் போட்ட அபராதம் என்றுதான் சொல்ல வேண்டும். நம் மளிகைக் கடையில் பழைய வாடிக்கைக்காரருக்கு ஒரு விலையும் சண்டைக்காரருக்குக் குறைந்த விலையும் வைத்தால், பழையவர் அதை அறிகிற நாளில் நம் முகத்தில் விழிப்பாரா? வாசலில் முள் போட்டவர் போகிறவரை மட்டும் வருத்தவில்லை. முள்ளைப் பார்த்துத் தயங்கி உள்ளே தங்கியவரின் விசுவாசத்தையும் மலிவாக்கிவிட்டார். அவர் விரும்பித் தங்கினாரா, வழியின்றித் தங்கினாரா என்பது இனி கம்பெனிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

குற்றம் யாருடையது?

இந்தத் தொல்லையில் மனத்தை மிகவும் வாட்டுவது, கோபித்துக்கொள்வதற்கு ஓர் ஆள் கிடைக்காமையே. முற்காலக் கடையில் முதலாளி கல்லாப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். குறை இருந்தால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். இன்றைய பெரிய கம்பெனியில் விற்பவர் ஒருவர், கம்பி போடுகிறவர் ஒப்பந்தக்காரர், தொலைபேசியில் பேசுகிறவர் வேறு ஊரிலுள்ள கூலிப் பணியாளர், பில் அடிப்பது இயந்திரம். ஒவ்வொருவரும் தம் வேலையைத் தமக்கு விதித்தபடி செய்கிறார்கள். "நான் விதிப்படிதான் செய்தேன்" என்று ஒவ்வொருவரும் சொல்வது உண்மையே. ஆனால் மொத்தத்தில் ஒரு குடும்பம் இரண்டு வாரம் அலைந்ததும் உண்மையே.

வேலையைப் பல பேருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதனால் பொறுப்பு கரைந்து போய்விடாது. பங்கிட்டவர் யாரோ அவரிடம் அது தங்குகிறது. விலகும் வழியைச் சிக்கலாக அமைத்தால் சிலர் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள் என்று எந்த அறையில் எந்த மேசையில் முடிவு செய்யப்பட்டதோ, அந்த மேசையே குற்றத்தின் இடம். ஆகவே சாளரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இளம்பெண்ணிடம் குரலை உயர்த்துவது வீரமன்று. அவள் அந்த விதியை எழுதவில்லை. மாற்றவும் அவளால் ஆகாது. அவளிடம் மரியாதையாகப் பேசி, எழுத்து மூலம் மேலிடத்துக்கு முறையிடுவதே ஆண்மை.

ஆகாத காரியமா?

இப்படித்தான் நடக்கும், வேறு வழியில்லை என்று சிலர் சொல்வர். அது சரியன்று. கைத்தொலைபேசியின் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதி 2008-இல் நம் நாட்டில் வந்தது. அங்கே வாடிக்கைக்காரர் புதுக் கம்பெனியிடம் மட்டும் சொன்னால் போதும். மற்றதைக் கம்பெனிகள் தமக்குள் பேசி முடித்துக்கொள்கின்றன. வீட்டுக் கம்பியில் பெரும்பாலும் வாடிக்கைக்காரரே இரு பக்கமும் தூது போக வேண்டியிருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இயற்றிய தொடர்புத்துறைச் சட்டத்தில், மாற்றத்தை முன்னின்று நடத்தும் பொறுப்பைப் புதுக் கம்பெனியின் தலையில் வைத்தது. பிரிட்டனில், புதியவரிடம் ஒரு முறை சொன்னாலே பழையது தானாக முடியும் ஏற்பாடு 2024 செப்டம்பர் 12-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரலிலேயே வந்திருக்க வேண்டியது. கம்பெனிகள் ஆயத்தமாகாததால் ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போயிற்று. அமெரிக்காவிலோ, சேருவது எவ்வளவு எளிதோ விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று வர்த்தக ஆணையம் 2024 அக்டோபரில் ஒரு விதி செய்தது. விதி செய்த முறையில் குறை இருப்பதாகக் கூறி மேல் நீதிமன்றம் 2025 ஜூலையில் அதைத் தள்ளிவிட்டது. ஆக, இயந்திரத்தால் ஆகாத காரியம் இதில் ஒன்றுமில்லை. மனம் வைத்த இடத்தில் நடக்கிறது. வைக்காத இடத்தில் நின்றுபோகிறது.

நம் நாட்டிலும் முறையிட வழி உண்டு. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் ஆணையமும், 2001-இல் அமைந்த பயனீட்டாளர் மன்றமும் புகார்களைப் பெறுகின்றன. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த ஷரத்துகளைப் பற்றிய ஒரு பகுதி சேர்க்கப்பட்டு 2011 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முறையீடு செய்வோர் தேதி, நேரம், பேசியவர் கொடுத்த புகார் எண், மோடம் ஒப்படைத்த ரசீது ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். புதுக் கம்பிக்கு இடம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் பழையதை அறுப்பது கூடாது. கம்பெனி கொடுத்த மின்னஞ்சல் முகவரியைக் கடைப் பலகையில் எழுதி வைப்பதும் கூடாது; கம்பெனி மாறினால் முகவரியும் போய்விடக்கூடும்.

விலகுகிறவருக்கும் கடமைகள் உண்டு என்பதை மறத்தலாகாது. இலவசத் தொலைக்காட்சிப் பெட்டிக்காக ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டு, முதல் நாளிலிருந்தே நழுவும் வழி தேடுவது நாணயமன்று. கடைசி பில்லைக் கட்டாமல் வீடு மாறிப் போவதும், மோடத்தை அலமாரிக்குள் போட்டு வைப்பதும் அவ்வாறே. முறையாக முன்னறிவிப்புக் கொடுத்து, பட்டதைச் செலுத்தி, பிறர் பொருளைத் திருப்பிக் கொடுத்த பிறகே ஒருவர் தம் குறையைத் தலை நிமிர்ந்து சொல்லலாம்.

நம் வாசல்

கம்பெனியார் மீது தொடுத்த இதே வழக்கை இனி நம் கடை வாசலில் வைத்து விசாரிப்போம்.

விலகும் வழியை அடைப்பது நம் தமிழ் இனத்துக்குப் புதிய செய்தியன்று. நம் முன்னோர் அடைபட்ட பக்கத்தில் இருந்தவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் துண்டு என்று ஒரு சீட்டு இருந்தது. இந்தத் தொழிலாளியின் கடனைச் செலுத்தினால் அவரை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனை அடுத்த தோட்டம் கொடுக்கும். கடன் தொழிலாளியின் தலையில் தொடரும். பெயர் விடுதலைச் சீட்டு; வேலை பூட்டின் வேலை. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. மலாயாவில் இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை 1910-இல் நின்றது. பேராக்கின் ரப்பர்க் காடுகளில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்கள் பட்ட துயரத்தையும் இணையக் கம்பியின் தொல்லையையும் ஒரே தராசில் வைப்பது அபசாரம். ஆனால் இரண்டிலும் தெரியும் உண்மை ஒன்றே: ஓர் உறவு உண்மையில் எத்தகையது என்பது உள்ளே நுழையும்போது தெரியாது, வெளியே போகக் கேட்கும்போதே தெரியும்.

அப்படியானால் நம் கடையிலிருந்து வெளியே போகக் கேட்பவர்கள் யார் யார்? கடை அறையை வாடகைக்கு எடுத்தவர் காலி செய்கிறார். இரண்டு மாத முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது, ஐந்தாண்டாகக் கண்ணில் படாத சுவர்க் கறைகள் நமக்குத் திடீரென்று தெரிகின்றனவா? பற்றுக் கணக்கு வைத்திருந்தவர் எதிர்க் கடைக்குப் போகிறார். அவருக்குரிய மீதியை நாமே கூப்பிட்டுக் கொடுக்கிறோமா, கேட்கட்டும் என்று காத்திருக்கிறோமா?

எல்லாவற்றிலும் பெரியது வேலையாளின் விஷயம். கடலுக்கு அப்பாலிருந்து நம்மை நம்பி வந்தவர் அவர். உணவுக் கடையில் விடியலில் அடுப்பு மூட்டி நள்ளிரவில் மேசை துடைக்கிறார். அவருடைய பெர்மிட் நம் பெயரோடு கட்டப்பட்டது. நினைத்தவுடன் அவர் வேறு கடைக்கு மாற முடியாது. சட்டமே அவர் வாசலை ஒடுக்கியிருக்கும்போது, அதற்கு மேல் நாமும் ஒரு பூட்டுப் போடலாமா? "பத்திரமாக இருக்கட்டும்" என்று அவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பிறருக்கு வழங்கப்பட்ட பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். உண்மையிலேயே பத்திரத்துக்காகத்தான் என்றால், அவர் கேட்ட அந்த நிமிடத்தில், ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கலாம் அல்லவா? அப்படிக் கொடுக்க மனம் தயங்கினால், பெட்டியில் இருப்பது அமானத் பொருளன்று, பிணைப் பொருள் என்று நம் நெஞ்சே சொல்லிவிடும்.

முதலாளிக்கும் முதல் போன கணக்கு உண்டு. லெவி கட்டினோம், விமானச் சீட்டு எடுத்தோம், மூன்றாம் மாதம் ஓடிவிட்டால் எங்கே போவது என்பார்கள். கம்பெனியார் சொன்ன அதே நியாயம்தான், அது நியாயமும்கூட. அதற்குரிய பதிலும் அதுவே. செலவு எது, யார் ஏற்பது, சட்டம் அனுமதிப்பது எவ்வளவு என்பதை வந்த அன்றே அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் வையுங்கள். எழுதிய கணக்குப்படி முடியுங்கள். சம்பளத்தைக் கடைசி மாதத்தில் நிறுத்தி வைப்பதும் பாஸ்போர்ட்டைப் பூட்டுவதும் கணக்கில் வராதவை. தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்ததற்கே நம் இரத்தம் கொதித்தது. இரண்டு ஆண்டு காத்திருக்கும் ஒருவர் நம் சமையற்கட்டிலேயே இருக்கிறாரா என்று ஒரு தடவை எட்டிப் பார்ப்போம்.

விலகுகிறவருக்கு நாம் கடன்பட்டது யாது என்று தொடக்கத்தில் கேட்டோம். அது மூன்று என்று சொல்லலாம். அவருக்குரிய கணக்கைத் தாமதமின்றி, மறைப்பின்றிக் காட்டுவது முதலாவது. அவருக்குரியதை அவர் இரண்டாம் முறை கேட்குமுன் கொடுப்பது இரண்டாவது. போகும் வழியைத் தெளிவாகச் சொல்லி, அதில் நாமாக ஒரு முள்ளும் போடாதிருப்பது மூன்றாவது. அவர் தங்கியிருந்தால் நமக்கு லாபம் என்பது இந்த மூன்றில் எதையும் குறைக்காது.

வர்த்தகச் சகோதரர்கள் தத்தம் பேரேட்டைப் புரட்டும்போது, வரவேண்டிய பாக்கிகளைப் பார்ப்பது வழக்கம். இம்மாதம் ஒரு முறை, நம்மை விட்டுப் போனவர்களுக்கு நாம் தரவேண்டிய பாக்கி ஏதும் நிற்கிறதா என்றும் பார்ப்போமாக. நின்றால், முகவரி தேடிச் சென்று கொடுப்போமாக.